ஹெல்ப்டெஸ்க் வேலையில் சேர்ந்திருக்கிறீர்களா? முதல் வாரத்திலேயே மணிக்கணக்கை எழுதத் தொடங்குங்கள்

ஊரில் ஓவர்டைம் என்பது அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் வேலை செய்பவர்களின் சொல். கணினி முன்னால் உட்காருகிறவனுக்கு மாதச் சம்பளம். இரவு பத்து மணிக்கு அழைத்தாலும் அதற்குள் அடக்கம். இந்த நினைப்பையும் ஊறுகாய் பாட்டிலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அமெரிக்காவுக்கு வந்துவிடுகிறோம். டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸை ஒட்டிய இர்விங்கில், ஒரு நிறுவனத்தின் ஹெல்ப்டெஸ்க்கில், அதாவது பயனாளர்களின் கணினிக் கோளாறுகளைத் தீர்க்கும் பிரிவில், நான் சேர்ந்தபோது வாரத்துக்கு 1,000 டாலர் சம்பளம். "நீங்கள் சம்பளக்காரர், உங்களுக்கு ஓவர்டைம் கிடையாது" என்றார் மேலாளர். நானும் தலையாட்டினேன். வாரத்துக்கு ஐம்பது மணி நேரம் வேலை நடந்தது.

எங்கள் அடுக்ககத்தில் சம்பளப் பட்டியல் போடும் வேலையில் இருந்த ஓர் அக்காதான் ஒரு நாள் பேச்சுவாக்கில் கேட்டார். "தம்பி, சம்பளம் என்பது பணம் கொடுக்கும் முறை. அதை வைத்து மட்டும் ஓவர்டைம் இல்லை என்று சொல்ல முடியாது. நீ காலையிலிருந்து என்ன வேலை செய்கிறாய், அதைச் சொல்." பாஸ்வேர்டு மாற்றிக் கொடுப்பது, பிரிண்டர் பார்ப்பது, புதிய ஆளுக்கு லேப்டாப் தயார் செய்வது என்று அடுக்கினேன். அவர் சிரித்துவிட்டு, "அப்படியென்றால் உனக்கு வரவேண்டிய பாக்கி இருக்கிறது" என்றார்.

அந்த உரையாடலுக்குப் பிறகு நான் தட்டுத் தடுமாறிக் கற்றவற்றைப் புதிதாக வருகிறவர்களுக்காக வரிசைப்படுத்துகிறேன். நான் வழக்கறிஞர் அல்லன். உங்கள் வழக்கை நடத்தவும் முடியாது. எந்தக் கேள்வியை எங்கே கேட்பது என்று மட்டும் சொல்ல முடியும்.

முதல் படி: எந்தப் பட்டியலில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

அமெரிக்காவில் ஓவர்டைமுக்கு அடிப்படை, 1938-இல் வந்த நியாயத் தொழிலாளர் தரச் சட்டம். ஒரு வாரத்தில் 40 மணி நேரத்துக்கு மேல் செய்த ஒவ்வொரு மணிக்கும் வழக்கமான மணிக்கூலியைப் போல் ஒன்றரை மடங்கு தர வேண்டும் என்பது பொது விதி. இந்த விதியிலிருந்து விலக்கப்பட்டவர்களை 'எக்ஸெம்ப்ட்' என்றும், விதிக்கு உட்பட்டவர்களை 'நான்-எக்ஸெம்ப்ட்' என்றும் அலுவலகத்தில் சொல்வார்கள். பெயர் நம்மைக் குழப்பும்: எக்ஸெம்ப்ட் என்று காதில் விழுந்தவுடன் ஏதோ சலுகை போலத் தோன்றும். உண்மையில் ஓவர்டைம் இல்லாதவர் அவர்தான்.

வேலை நியமனக் கடிதத்திலும் சம்பளச் சீட்டிலும் இந்த இரண்டில் எந்தச் சொல் இருக்கிறது என்று தேடுங்கள். கடிதத்தில் 'வாரத்துக்கு 40 மணி நேரம்' என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்தக் கடிதத்தின் நகலை வீட்டில் பத்திரப்படுத்துங்கள். அந்த ஒரு வரிக்கு எவ்வளவு விலை என்பது ஐந்தாம் படியில் தெரியும்.

அந்தக் கடிதத்தோடு முதல் நாள் அவசரத்தில் கையெழுத்துப் போட்ட காகிதங்களில் நடுவர் தீர்ப்பு ஒப்பந்தம் ஒன்று இருக்கலாம். பலர் சேர்ந்து கூட்டாக வழக்குப் போட முடியாது, தனித்தனியாக நடுவரிடம்தான் போக வேண்டும் என்று அது சொல்லும். 2018-இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய ஒப்பந்தங்கள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்குகளில் ஒன்று, மருத்துவ மென்பொருள் நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப எழுத்தர்கள் ஓவர்டைம் கேட்டுப் போட்ட வழக்கு. ஆனால் அரசிடம் புகார் செய்யும் உரிமையை அந்தக் காகிதம் பறிக்காது.

இரண்டாம் படி: பதவிப் பெயரை மறந்துவிட்டு, செய்த வேலையை எழுதுங்கள்

நிறுவனங்கள் பெயர் வைப்பதில் வள்ளல்கள். 'சிஸ்டம்ஸ் அனலிஸ்ட்', 'சப்போர்ட் எஞ்சினியர்', 'டெக்னிக்கல் ஸ்பெஷலிஸ்ட்' என்று பட்டம் சூட்டிவிட்டு, கேபிள் இழுக்கச் சொல்வார்கள். பதவிப் பெயரை மட்டும் வைத்து விலக்கை முடிவு செய்யக் கூடாது என்று தொழிலாளர் துறையின் விதியிலேயே இருக்கிறது.

கணினிப் பணியாளர் விலக்கு யாருக்கு? முதன்மை வேலை இவற்றில் ஒன்றாகவோ இவற்றின் கலவையாகவோ இருக்க வேண்டும்: பயனாளர்களிடம் கேட்டறிந்து ஓர் அமைப்புக்கு என்ன வன்பொருள், என்ன மென்பொருள் வேண்டும் என்று பகுத்து முடிவு செய்வது, மென்பொருளையோ கணினி அமைப்பையோ வடிவமைப்பது, உருவாக்குவது, சோதிப்பது, மாற்றி எழுதுவது, இயங்குதளத்தோடு தொடர்புடைய நிரல்களில் இதே வேலைகளைச் செய்வது. சுருக்கமாக, நிரல் எழுதுகிறவர், அமைப்பை வரைகிறவர். வேறொருவர் வரைந்து கட்டிய அமைப்பு நின்றுபோனால் வந்து ஓட வைக்கிறவர் இந்த வட்டத்துக்குள் வருவது அரிது. கணினி வன்பொருளைப் பழுது பார்ப்பவர்களுக்கு இந்த விலக்கு இல்லை என்று விதி வெளிப்படையாகவே சொல்கிறது.

இதை நான் என் சௌகரியத்துக்காகச் சொல்லவில்லை. 2006 அக்டோபர் 26 அன்று தொழிலாளர் துறை ஒரு கருத்துக் கடிதம் வெளியிட்டது. கணினிகளை நிறுவுவது, அமைப்பது, சோதிப்பது, கோளாறு கண்டு சரி செய்வது ஆகியவற்றில் பாதிக்கு மேல் நேரத்தைச் செலவிடும் ஓர் ஐடி சப்போர்ட் ஊழியரைப் பற்றியது அது. அவருக்குக் கணினிப் பணியாளர் விலக்கும் பொருந்தாது, நிர்வாகப் பணியாளர் விலக்கும் பொருந்தாது என்பது முடிவு. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 2004-இல், ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் மிச்சிகனில் ஓர் அணுமின் நிலையத்தின் சப்போர்ட் ஊழியருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அணுமின் நிலையமே ஆனாலும் டிக்கெட் (பதிவாகும் கோளாறுப் புகார்) டிக்கெட்தான்.

'நிர்வாகப் பணியாளர்' என்பது நிறுவனத் தரப்பின் இரண்டாவது வாதம். முக்கியமான விஷயங்களில் சொந்த அறிவைக் கொண்டு தன்னிச்சையாக முடிவெடுப்பவருக்கே அது. கையேட்டில் உள்ள படிகளின்படி சோதித்துப் பார்த்து, தீராவிட்டால் மேல்நிலைக்கு அனுப்புகிறவர் முடிவெடுப்பவர் ஆகமாட்டார்.

சர்வர் நிர்வாகிகள் இடைநிலத்தில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி ஒரே சொல்லில் தீர்ப்பு சொல்ல எனக்குத் துணிவில்லை. கணினிச் சேவை நிறுவனம் ஒன்றின் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்கள் போட்ட வழக்கில், 2017-இல் கனெக்டிகட் ஜூரி ஊழியர்கள் பக்கம் நின்றது. வேறு இடங்களில் நிறுவனம் வென்றதும் உண்டு. ஆகவே ஒரு தாளில் கடந்த வாரம் உண்மையில் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். வேலை விளம்பரத்தில் போட்டிருந்ததைப் பார்த்து எழுதாதீர்கள். எது எத்தனை மணி நேரம் என்று பக்கத்திலேயே குறியுங்கள்.

மூன்றாம் படி: சம்பள அளவு

வேலை பொருந்தினால் போதாது, சம்பளமும் ஓர் அளவைத் தாண்டியிருக்க வேண்டும்: வாரத்துக்கு 684 டாலர் நிலையான சம்பளம், அல்லது கணினிப் பணியாளராக இருந்தால் மணிக்கு 27.63 டாலர். 2024 ஜூலையில் வார அளவு 844 ஆக உயர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று அந்த உயர்வை ரத்து செய்ததால் மறுபடி 684-க்கே வந்துவிட்டது.

இந்த 27.63 ஏன் இப்படி விநோதமாக இருக்கிறது என்று எனக்கு நெடுநாள் உறுத்தல். 1990-இல் இந்த விலக்கு வந்தபோது குறைந்தபட்சக் கூலியைப் போல் ஆறரை மடங்கு என்று வைத்தார்கள். 1996-இல் குறைந்தபட்சக் கூலி உயர்ந்தபோது, அதற்கு முந்திய 4.25 டாலரை ஆறரையால் பெருக்கி வந்த தொகையை அப்படியே உறைய வைத்துவிட்டார்கள். இன்றைய 7.25-ஐ ஆறரையால் பெருக்கினால் 47 டாலர் தாண்டும்.

இங்கே ஒரு பொறி உண்டு. ஆள் அனுப்பும் நிறுவனங்கள் ஹெல்ப்டெஸ்க் ஊழியருக்கு மணிக்கு 30 டாலர் கொடுத்துவிட்டு, "27.63-ஐத் தாண்டிவிட்டீர்கள், 40-க்கு மேலும் அதே 30 தான்" என்பார்கள். தவறு. வேலையும் பொருந்த வேண்டும், கூலியும் பொருந்த வேண்டும். ஹெல்ப்டெஸ்க் ஊழியரின் 41-ஆவது மணிக்கு 45 டாலர்.

நான்காம் படி: எது வேலை நேரம்?

நிறுவனம் தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ உங்களை வேலை செய்ய விட்டால் அது வேலை நேரம். "முன் அனுமதி வாங்கவில்லையே" என்று சொல்லிப் பணத்தை மறுக்க முடியாது. கண்டிக்கலாம், எச்சரிக்கைக் கடிதம் தரலாம். செய்த மணிக்குக் காசு கொடுத்தே ஆக வேண்டும்.

மதிய உணவுக்கு அரை மணி நேரத்தை மென்பொருளே கழித்துக்கொள்ளும். தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அழைப்பை எடுத்தீர்கள் என்றால் அது உணவு இடைவேளை ஆகாது. இருபது நிமிடத்துக்கு உட்பட்ட காபி இடைவேளைகளைக் கழிக்கவே கூடாது.

காலையில் கணினியை இயக்கி, நாலைந்து திரைகளில் நுழைந்து, கடைசியாக நேரப்பதிவுத் திரைக்கு வரும்போது பத்து நிமிடம் போயிருக்கும். அழைப்பு மையங்களில் இந்த நிமிடங்களுக்கும் கூலி உண்டு என்று 2021-இல் பத்தாவது வட்டார நீதிமன்றமும் 2022-இல் ஒன்பதாவது வட்டார நீதிமன்றமும் சொல்லின. டெக்சாஸை அவை கட்டுப்படுத்தா. ஆனாலும் எடுத்துக்காட்டத் தகுந்தவை.

அழைப்புக்காகக் காத்திருக்கும் முறை, அதாவது 'ஆன்-கால்', சிக்கலானது. அழைப்பு வந்து வேலை செய்த நேரம் சந்தேகமில்லாமல் வேலை நேரம். இரவு 2.10-க்கு ஒரு செவிலியர் நோயாளிப் பதிவேட்டுக்குள் நுழைய முடியாமல் அழைத்து, 2.35-க்கு அது தீர்ந்தால் 25 நிமிடம். சும்மா காத்திருந்த நேரம்? கோவிலுக்குப் போகலாம், படம் பார்க்கலாம், கைப்பேசி மட்டும் கையில் இருந்தால் போதும் என்றால் பெரும்பாலும் கணக்கில் வராது. சில நிமிடங்களில் கணினி முன் இருக்க வேண்டும், அழைப்பும் ஓயாது என்றால் வரக்கூடும். இர்விங்கிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஃபோர்ட் வொர்த்தில், இறைச்சி ஆலை ஒன்றின் தீயணைப்பு ஊழியர்கள் மணி அடித்தால் ஓட வேண்டும் என்று இரவெல்லாம் ஆலையிலேயே இருந்தார்கள். 1944-இல் அவர்கள் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. காத்திருப்பதும் வேலையாக இருக்கலாம், அதற்குச் சட்டத்தில் தடை ஏதும் இல்லை என்றது நீதிமன்றம். இன்றைய ஆன்-கால் வாதங்களுக்கு எல்லாம் கொள்ளுத்தாத்தா அந்த ஊழியர்கள்தான்.

இன்னும் இரண்டு. இந்த வாரம் 50, அடுத்த வாரம் 30, சராசரி 40 என்று கணக்கு நேர் செய்யக் கூடாது. ஒவ்வொரு வாரமும் தனி. தனியார் நிறுவனத்தில் ஓவர்டைம் பணத்துக்குப் பதிலாக "இன்னொரு நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்" என்பதும் செல்லாது. அதே வாரத்துக்குள் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பி 40-க்குள் அடக்கினால் சரி.

இதற்கெல்லாம் நான் வைத்திருந்த கருவி, இந்திய மளிகைக் கடையில் புத்தாண்டுக்கு இலவசமாகக் கொடுத்த மாதக் காலண்டர். மேலே லட்சுமி படம், ஒவ்வொரு கட்டத்திலும் பிரதோஷம், ஏகாதசி, ராகுகாலம். மீதி இருந்த வெள்ளை இடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் '7.50 – 6.40, மதியம் 2 அழைப்பு, இரவு 2.10 – 2.35' என்று அன்றன்றே எழுதினேன். சனிக்கிழமைக் கட்டத்தின் ஓரத்தில் வாரத்தின் கூட்டுத்தொகை. மனைவிக்கு மட்டும் கோபம்: அமாவாசை எந்த நாள் என்றே தெரியாமல் போய்விட்டதாம்.

அந்தக் கிறுக்கலுக்கு மதிப்பு உண்டு. நேரப் பதிவேடு வைப்பது நிறுவனத்தின் கடமை. அது வைக்கத் தவறினால் ஊழியரின் நியாயமான மதிப்பீட்டை ஏற்கலாம் என்று 1946-இல் ஒரு மண்பாண்ட ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்றன்று எழுதியது, ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதியதைவிட நம்பத் தகுந்தது. டிக்கெட் எண்ணையும் நேரத்தையும் மட்டும் குறியுங்கள். நிறுவனத்தின் டிக்கெட் பட்டியலையோ வாடிக்கையாளர் விவரத்தையோ சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். ஓவர்டைம் கேட்டதற்காக வேலையை விட்டு எடுப்பது சட்டவிரோதம். கோப்பைக் கடத்தியதற்காக எடுப்பது அவர்களுக்கு வெகு சுலபம்.

ஐந்தாம் படி: பாக்கி எவ்வளவு?

வாரம் 1,000 டாலர், 50 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சம்பளம் 40 மணிக்கானது என்றால் மணிக்கு 25, ஒன்றரை மடங்கு 37.50, பத்து மணிக்கு 375 டாலர். நிறுவனத்தின் வழக்கறிஞர் வேறு கணக்குப் போடுவார்: "1,000 என்பது எத்தனை மணி ஆனாலும் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பேசிய சம்பளம். 50-ஆல் வகுத்தால் மணிக்கு 20. ஐம்பது மணிக்கும் முழுக்கூலி வாங்கிவிட்டீர்கள். மேல் பத்து மணிக்கு அரைக்கூலி பத்துப் பத்து டாலர்தான் பாக்கி." ஆக 100 டாலர். டெக்சாஸ் அடங்கிய ஐந்தாவது வட்டாரத்தில் இந்த அரைக்கூலிக் கணக்கு எடுபடும். ஒரே வாரம், 375-ஆ 100-ஆ என்பதை முடிவு செய்வது சம்பளம் எத்தனை மணி நேரத்துக்கு என்று நீங்களும் நிறுவனமும் புரிந்துகொண்டிருந்தீர்கள் என்பது. முதல் படியில் அந்த 40 மணி நேர வரியைத் தேடச் சொன்னது இதற்காகத்தான்.

செயல்திறனை வைத்துத் தருவதாக உறுதி சொன்ன போனஸையும் மணிக்கூலிக் கணக்கில் சேர்க்க வேண்டும். நிறுவனம் நல்லெண்ணத்தோடுதான் நடந்தது என்று காட்டத் தவறினால், பாக்கித் தொகை எவ்வளவோ அதே அளவு இழப்பீடும் சேரும், அதாவது இரட்டிப்பு. இது தவிர 2025 முதல் 2028 வரையிலான வருமான வரிக் கணக்கில், ஓவர்டைமின் கூடுதல் அரைப்பங்குக்கு வரம்புக்கு உட்பட்டு வரிக் கழிவு உண்டு. வரிக் கணக்கு பார்ப்பவரிடம் கேளுங்கள்.

வேறு மாநிலத்தில் இருந்தால் இந்தக் கணக்கே மாறும். கலிபோர்னியாவில் நாளுக்கு 8 மணி தாண்டினாலே ஒன்றரை மடங்கு, 12 தாண்டினால் இரண்டு மடங்கு. அங்கே மென்பொருள் ஊழியரை விலக்க 2025-இல் மணிக்கு 56.97 டாலர் தேவைப்பட்டது. ஆண்டுதோறும் இது ஏறும். டெக்சாஸில் தனி ஓவர்டைம் சட்டம் இல்லை, கூட்டாட்சிச் சட்டமே கதி.

ஆறாம் படி: கேளுங்கள், எழுத்தில்

முதலில் மனிதவளத் துறைக்கு ஒரு மின்னஞ்சல். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். 'என் பணியின் வகைப்பாட்டைச் சரிபார்க்க வேண்டுகிறேன். என் நேரத்தின் பெரும்பகுதி பயனாளர் கோளாறுகளைத் தீர்ப்பதில் போகிறது. வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்கிறேன். ஓவர்டைம் எனக்குப் பொருந்துமா?' இவ்வளவு போதும். வாய்மொழியாகக் கேட்டாலும் பழிவாங்கலிலிருந்து பாதுகாப்பு உண்டு என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் வாய்ப்பேச்சுக்குச் சாட்சி தேட வேண்டும். மின்னஞ்சலுக்குத் தேட வேண்டாம்.

கேட்டால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஐபிஎம் நிறுவனம் இத்தகைய வழக்கு ஒன்றை 2006-இல் 6.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. 2008-இல் சுமார் 7,600 பேரை ஓவர்டைம் உண்டு என்ற பட்டியலுக்கு மாற்றியது. கூடவே அவர்களுடைய அடிப்படைச் சம்பளத்தை 15 சதவீதம் குறைத்தது. இனி வரும் காலத்துக்குச் சம்பளத்தை மாற்றி அமைக்க நிறுவனத்துக்கு வழி இருக்கிறது. கடந்துபோன மணிகளின் பாக்கியை மட்டும் அவர்களால் மாற்ற முடியாது.

ஏழாம் படி: புகார்

பதில் வரவில்லை என்றால், தொழிலாளர் துறையின் வேஜ் அண்ட் அவர் டிவிஷன் (கூலி, வேலை நேரப் பிரிவு), எண் 1-866-487-9243. கட்டணம் இல்லை. பெயரை வெளியிட மாட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். நிறுவனத்தின் பெயர், முகவரி, மேலாளர் பெயர், உங்கள் வேலை, சம்பளம் தரும் முறை, நேரக் குறிப்புகள் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

விசாவைப் பற்றிய பயம் நம் ஆட்களிடம்தான் அதிகம். மாணவர் விசாவில் பயிற்சிக்கால அனுமதியா, துணைவர் விசாவில் வேலை அனுமதியா, எச்-1பியா, பச்சை அட்டையா என்று இந்தச் சட்டம் பார்ப்பதில்லை. எச்-1பி ஊழியரை வேலை இல்லை என்று சம்பளமின்றி உட்கார வைத்தால் அது வேறு விதிமீறல். அதற்கு டபிள்யூஎச்-4 என்ற தனிப் படிவம், 12 மாதக் கெடு.

அரசு விசாரித்துப் பணம் வாங்கித் தரும்போது டபிள்யூஎச்-58 என்ற படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். போட்டால் அந்தப் பாக்கிக்காகத் தனியே வழக்குப் போடும் உரிமை போகும். தொகை சரிதானா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். தனியாக வழக்கறிஞரிடம் போனால், வென்ற வழக்கில் அவருடைய நியாயமான கட்டணத்தை நிறுவனமே தர வேண்டும்.

வழக்குப் போடக் கெடு இரண்டு ஆண்டு. தெரிந்தே மீறினார்கள் என்று நிரூபித்தால் மூன்று. நியூயார்க், நியூஜெர்சி மாநிலச் சட்டங்களில் ஆறு ஆண்டு வரை போகலாம். கடிகாரம் வழக்குப் பதிவாகும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணும். அரசிடம் புகார் கொடுத்ததால் அது நிற்காது.

இது அப்போது எனக்குத் தெரியாது. ஜனவரியில் அந்த வேலையை விட்ட பிறகு, "எதற்கு வம்பு" என்று ஐந்து மாதம் சும்மா இருந்தேன். ஜூனில் வழக்கறிஞரின் மேசையில் காலண்டர்களைப் பரப்பியபோது, அவர் பிரதோஷக் கட்டங்களுக்கு நடுவில் இருந்த என் எழுத்தைப் பொறுமையாகப் படித்தார். பிறகு இரண்டு ஆண்டுக்கு முந்திய காலண்டரை எடுத்து, ஜனவரித் தாளிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டி, ஜூன் மாதத்தின் நடுவில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு மேலே இருந்த ஜனவரி முதலான தாள்களை என் பக்கம் நகர்த்தி வைத்தார். சும்மா இருந்ததில் போனது இருபத்திரண்டு வாரம்.